செய்ந்நன்றி கொல்லாமை

(நம் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

'செய்ந்நன்றி' என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்திருக்கின்றார். நன்றி மறத்தல் தீது என்பதை மறுப்பார் இவ்வவையில் ஒருவரும் இலர். கொலையைச் சிற்சில வேளைகளில் நியாயம் என்று வாதிடுவோர் உண்டு. பொய்யைக்கூடப் 'புரை தீர்ந்தது' என்று பொறுத்துக்கொள்வோர் உண்டு. நன்றி மறத்தலை நல்லது என்று சொன்னவரை மட்டும் நாம் கண்டதில்லை. அவ்வாறாயின் இதைப் பற்றிப் பேசுவானேன்? எல்லாரும் தீது என்று ஒப்புக்கொண்ட ஒன்று, எல்லா ஊர்களிலும் எல்லாக் காலங்களிலும் நடந்துகொண்டே இருக்கின்றதே, அஃது ஏன்? இந்த வினாவே எண்ணத்தக்கது. நாம் வாழும் இத்திருப்பதியையும் அண்டையிலுள்ள சித்தூரையும் சார்ந்த இரண்டு வாழ்க்கைகளைக் கொண்டு இதற்கு விடை காண முயல்வோம்.

சொல்லும் பொருளும்

முதலில் சொல்லைப் பார்ப்போம். இன்று 'நன்றி' என்று நாம் வாயால் சொல்வது ஒரு மரியாதைச் சொல். பழந்தமிழில் அச்சொல்லுக்கு நன்மை என்பதே பொருள். செய்ந்நன்றி என்றால் ஒருவர் நமக்குச் செய்த நன்மை. அதனை மறந்தவனை நம் முன்னோர் 'நன்றி மறந்தவன்' என்றதோடு நில்லாமல் 'நன்றி கொன்றவன்' என்றும் அழைத்தனர். நன்மை உயிருள்ள ஒன்று; அது செய்தவர் கையை விட்டு நம் மனத்திலே வந்து வாழ்கின்றது; அதை நாம் நினையாதொழிந்தால் அது மடிகின்றது. ஆதலின் மறதியையும் கொலை என்றே கணக்கிட்டனர்.

இக்கருத்து தமிழுக்கு மட்டும் உரியதன்று. வடமொழியில் 'கிருதக்னன்' என்பர். கிருதம் என்றால் செய்யப்பட்டது. 'க்ன' என்பதற்குக் கொல்வது என்று பொருள். தெலுங்கு மக்களும் இச்சொல்லையே வழங்குகின்றனர். இரு மொழியாரும் ஒரே உவமையைக் கண்டிருப்பது நினைந்து மகிழத்தக்கது.

பழமொழிகளைப் பாருங்கள். 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்கிறோம். 'உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யாதே' என்கிறோம். 'வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது' என்கிறோம். நம் தெலுங்கு அண்டை வீட்டார், 'ஏரு தாட்டி தெப்ப தகலேசினட்டு' என்பர். ஆற்றைக் கடக்கும்வரை தெப்பத்தைப் பற்றிக்கொண்டிருந்தவன், கரையேறியவுடன் அத்தெப்பத்தையே கொளுத்தினானாம். அவர்களிடம் இன்னொரு பழமொழி உண்டு: 'தின்ன இண்டி வாசாலு லெக்கபெட்டினட்டு.' வாசாலு என்பவை கூரையைத் தாங்கும் கைமரங்கள். சோறு போட்ட வீட்டில் உண்டுவிட்டுச் சாய்ந்து படுத்துக்கொண்டு, அவ்வீட்டுக் கூரையில் எத்தனை கைமரங்கள் என்று எண்ணுகின்றான் ஒருவன். எதற்காக எண்ணுகின்றான்? சிலர், இவ்வீட்டின் செல்வம் எவ்வளவு என்று அளக்கின்றான் என்பர். சிலர், எதை எடுத்துச் செல்லலாம் என்று பார்க்கின்றான் என்பர். சிலர், வீட்டில் குற்றம் காண்கின்றான் என்பர். எப்பொருள் கொண்டாலும், உண்ட சோற்றை மறந்து கண்ணை வேறிடத்தில் வைத்தவன் அவன். பிழைப்பின் பொருட்டுப் பிற நிலத்தில் குடியேறிய நாம் இப்பழமொழியை மனத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இதற்குப் பின்னர் மீண்டும் வருவேன்.

கழுவாய் இல்லாத பிழை

திருவள்ளுவர் பெருமான் இதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். திருக்குறளில் அது பதினோராவது. அதற்கு அவர் இட்ட பெயரைக் கவனியுங்கள்: 'செய்ந்நன்றி அறிதல்.' சொல்லுதல் என்று அவர் பெயரிடவில்லை, அறிதல் என்றார். சங்கப் புலவர் ஆலத்தூர் கிழார் சோழன் கிள்ளிவளவனைப் பாடிய புறநானூற்றுப் பாட்டிலும், வள்ளுவர் தம் குறளிலும், ஏனைய பெரும் பிழைகட்குக்கூட உய்யும் வழி உண்டு. நன்றி கொன்றவர்க்கு அவ்வழி இல்லை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர்.

இதே தீர்ப்பு வான்மீகி இராமாயணத்திலும் வருகின்றது. அது வரும் இடம் மிக நுட்பமானது. வாலியை வீழ்த்தி அரசையும் மனைவியையும் மீட்டுக் கொடுத்தான் இராமன். மழைக்காலம் கழிந்ததும் சீதையைத் தேடப் படை அனுப்புவதாகச் சுக்கிரீவன் வாக்களித்தான். நான்கு திங்கள் சென்றன. வானம் தெளிந்தது. சுக்கிரீவன் அரண்மனையில் இன்பத்தில் மூழ்கிக் கிடந்தான். சினத்தோடு வந்த இலக்குவன் வாயிலாகவே, நன்றி கொன்றவனுக்குக் கழுவாய் இல்லை என்னும் சொல் பிறக்கின்றது.

சுக்கிரீவன் இராமனுக்குப் பகைவனா? இல்லை. இராமன் செய்த உதவியை மறுத்தானா? இல்லை. யாரேனும் கேட்டிருந்தால், 'என் உயிரே அவன் தந்தது' என்று கண்ணீர் மல்கக் கூறியிருப்பான். அவன் செய்த குற்றமெல்லாம் காலம் கடத்தியதுதான். 'நாளை' என்று இருந்துவிட்டான். நல்லவேளையாக இடித்துரைக்க இலக்குவன் வந்தான். சினந்தணிக்கத் தாரை முன்வந்தாள். சுக்கிரீவனும் விழித்துக்கொண்டு கடனைத் தீர்த்தான்.

நன்றி கொல்வோர் பெரும்பாலும் கொடியவர் அல்லர். நம்மைப் போன்ற நல்லவர்களே. அவர்கள் கையிலுள்ள ஆயுதமும் வாளன்று. 'நாளை' என்னும் சொல். இதற்குச் சான்றாகத்தான் சித்தூரின் பெயரைத் தம் பெயரோடு சுமந்த ஒரு பெரியவரை நினைவூட்ட விரும்புகிறேன்.

சித்தூர் நாகையா

சித்தூர் வி. நாகையா 1904-ஆம் ஆண்டு குண்டூர்ப் பக்கத்து ரேபல்லையில் பிறந்தவர். சித்தூர் நாடக மேடையில் பாடி நடித்துப் பெற்ற புகழால் ஊர்ப்பெயர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1938-இல் 'கிருகலட்சுமி' படத்தின் வாயிலாகத் திரைக்கு வந்தார். தெலுங்கில் போதனா, தியாகராசர், வேமனர் ஆகிய மெய்யடியார்களாக அவர் தோன்றிய படங்களைக் கண்ட மக்கள், அப்பெரியோர் முகத்தை நினைத்தாலே நாகையாவின் முகத்தைத்தான் கண்டனர். தாமே பாடுவார், தாமே இசையமைப்பார், படம் எடுத்து இயக்கவும் செய்வார்.

தமிழர்களாகிய நமக்கும் அவர் அந்நியர் அல்லர். 1941-இல் வந்த 'அசோக் குமார்' படத்தில் எம். கே. தியாகராஜ பாகவதரோடு நடித்து, அசோகச் சக்கரவர்த்தியாகத் தோன்றினார். 1945-இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'மீரா' படத்தில் எம். எஸ். சுப்புலட்சுமி மீராவாக நடித்தபோது, அவர் கணவராகிய இராணாவாக நடித்தவர் நாகையா. 1953-இல் 'என் வீடு' என்னும் படத்தைத் தாமே தயாரித்தளித்தார். 1965-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

இப்புகழின் உச்சியில் அவர் எவ்வாறு வாழ்ந்தார்? தம்மை நாடி வந்தோர்க்கு உணவும் உறைவிடமும் பொருளும் கணக்குப் பாராமல் அளித்தார் என்பதில் அவரைப் பற்றி எழுதியோர் அனைவரும் ஒருமித்து நிற்கின்றனர். கேட்டவர்க்கு இல்லையென்னாத கை அது. சொந்தப் படத் தயாரிப்பும் பொருளைக் கரைத்தது. வருவாய் குன்றிய பிற்காலத்தில், ஒரு காலத்தில் படத்தின் தலைவராக விளங்கியவர், தந்தையாகவும் முதியவராகவும் சிறு சிறு வேடங்களில் தோன்றிக் காலங்கழித்தார். 1973-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் சென்னையில், பொருள் முடையினிடையே அவர் வாழ்வு முடிந்தது.

அவருக்கு உதவ ஒருவரும் முன்வரவில்லை என்று நான் சொல்லமாட்டேன். அவரவர் இயன்றதைச் செய்தவர்களும் இருந்திருப்பர். ஆயினும் அவர் அளித்ததையும் அவர் முடிவையும் ஒரே தராசில் வைத்தால் தட்டு சமமாக நிற்கவில்லை என்பது வெளிப்படை. அவர் கையால் உண்டவர்கள் அனைவரும் தீயவர்களா? அல்லர். ஒவ்வொருவரும், 'அவ்வளவு பெரிய மனிதருக்கு நாம் என்ன செய்ய இருக்கின்றது?' என்று நினைத்திருக்கலாம். 'அவரால் வாழ்ந்தவர் ஆயிரம் பேர். அவர்களில் ஒருவர் பார்த்துக்கொள்வார்' என்று எண்ணியிருக்கலாம். ஒருவருக்கு உதவியவரைவிட ஆயிரம் பேருக்கு உதவியவர் எளிதில் கைவிடப்படுகின்றார். ஏனெனில் ஆயிரம் பேருக்கும் பொதுவான கடன் ஒருவர் மீதும் விழுவதில்லை. மேலும், கேட்டுப் பழகாத வாய் கொடுத்துப் பழகிய கையோடு பிறந்தது. நாகையா போன்றவர் தம் குறையை வாய்விட்டுச் சொல்லார். சொல்லாதவர் குறையை உலகம் இல்லாத குறையாகவே கொள்கின்றது.

இன்று சென்னைப் பனகல் பூங்காவில் அவருக்குச் சிலை உண்டு. சித்தூரில் அவர் பெயரால் நாகையா கலாக்ஷேத்திரம் என்னும் அரங்கம் உண்டு. இவை போற்றத்தக்கவை. அடுத்த தலைமுறை கேட்டறிய இவை வேண்டும். ஆயினும் சிலைக்குப் பசியில்லை, பசித்திருந்தவர் மனிதர். மறைந்தவருக்கு நாம் எடுக்கும் சிலை நம் நெஞ்சின் பாரத்தைக் குறைக்கும். அவர் பாரத்தைக் குறைக்க அதனால் இயலாது.

திருப்பதி கண்ட வழி

'மீரா' படத்தின் இராணாவைப் பற்றிச் சொன்னேன். இனி, அதே படத்து மீராவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கேதான் நம் திருப்பதி வருகின்றது.

1916-இல் மதுரையில் பிறந்த எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையாரும் அள்ளிக் கொடுத்தவர். 1944-இல் கஸ்தூரிபா நினைவு நிதிக்காகப் பாடியது முதல், மருத்துவமனை, பள்ளி, கோயில், கலை நிறுவனம் என்று அவர் பாடித் திரட்டிக் கொடுத்த நிதிகள் பல. 1963-இல் வெளியான வேங்கடேச சுப்பிரபாத இசைத்தட்டின் உரிமைத் தொகையைக்கூடத் திருப்பதி தேவஸ்தான வேதபாடசாலைக்கே உரியதாக்கினர். அவ்விசைத்தட்டு நம் வீடுகளில் எத்தனை விடியல்களில் ஒலித்தது என்பதை இங்குள்ள தாய்மார்கள் அறிவர்.

கொடுத்தவர் கை வற்றும் காலம் அவர்க்கும் வந்தது. 1970-களின் பிற்பகுதியில், சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் பல ஆண்டுகள் வாழ்ந்த 'கல்கி கார்டன்ஸ்' மாளிகையை விட்டு அவரும் கணவர் சதாசிவம் அவர்களும் நீங்க நேர்ந்தது. நாகையாவுக்கு நேர்ந்தது இவர்க்கும் நேர்ந்திருக்கலாம். நேராமைக்குக் காரணம், காலத்தே ஒருவர் அறிந்ததும், அறிந்ததற்கேற்ற வழியைக் கண்டதும் ஆகும்.

அந்நாளில் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் நிர்வாக அதிகாரியாக இருந்தவர் பி. வி. ஆர். கே. பிரசாத். இந்நிகழ்ச்சியைத் தம் நினைவு நூலில் அவர் எழுதியிருக்கின்றார். அம்மையார்க்கு உதவி தேவை. நன்கொடை என்று நீட்டினால் அவர் வாங்கார். என்ன செய்வது? பாட்டுக்கு உரியவரிடம் பாட்டைக் கேட்பதே தக்கது என்னும் முடிவு பிறந்தது. அன்னமாச்சாரியாரின் கீர்த்தனைகளையும் பிற துதிகளையும் அம்மையார் பாட, தேவஸ்தானம் அவற்றை ஐந்து இசைத்தட்டுகளாக வெளியிட்டது. 'பாலாஜி பஞ்சரத்ன மாலா' என்று பெயர் பெற்ற அத்தொகுதி அவ்வாறு பிறந்தது. அறுபதைக் கடந்த வயதில், நெடுநூரி கிருஷ்ணமூர்த்தி போன்ற இசைவாணரிடம் புதிய தெலுங்குக் கீர்த்தனைகளைப் பாடம் செய்து, மாணவி போல் உழைத்துப் பாடினார் அம்மையார். உரிமைத் தொகை அவர் குடும்பத்துக்கு ஊன்றுகோலாயிற்று.

இதில் வியக்கத்தக்கது யாது? உதவி செய்தவர் உதவி செய்வதாகக் காட்டிக்கொள்ளவில்லை. பெற்றவர் யாசித்துப் பெறவில்லை, உழைத்துப் பெற்றார். அவரது மதிப்பு ஓர் இம்மியும் குறையவில்லை, மாறாக, ஏறியது. ஊருக்கும் நட்டமில்லை, ஒரு செல்வம் கிடைத்தது. இதனைத்தான் வள்ளுவர் 'அறிதல்' என்னும் சொல்லுள் வைத்தார் போலும். யார் செய்தார் என்று அறிய வேண்டும். அவர்க்கு இன்று என்ன வேண்டும் என்று அறிய வேண்டும். காலம் அறிய வேண்டும். அவர் மனம் நோகாத முறை அறிய வேண்டும். இந்நான்கில் ஒன்று குறைந்தாலும் நன்றியறிதல் முற்றுப்பெறாது.

அம்மையார் 2004-இல் மறைந்தபின், 2006-இல் திருப்பதியில் அவர்க்கு வெண்கலச் சிலை எழுந்தது. பூர்ணகும்பச் சந்திப்பில் நீங்கள் அதனைக் கண்டிருப்பீர்கள். வாழ்ந்தபோதே செய்ய வேண்டியதைச் செய்த ஊர் பின்னர் சிலையும் வைத்தது. ஆதலின் அச்சிலைக்கு அழகு மிகுதி.

அன்னமாச்சாரியார் பாடல்கள் தாமும் மறதியில் கிடந்தவையே. பதினைந்தாம் நூற்றாண்டில் வேங்கடவன் மீது அவர் பாடியவை செப்பேடுகளில் பொறிக்கப்பெற்றன. திருமலைக் கோயிலுள் ஒரு சிற்றறையில் அடைபட்டு, சில நூற்றாண்டுகள் பாடுவாரின்றிக் கிடந்தன. இருபதாம் நூற்றாண்டில் சாது சுப்பிரமணிய சாஸ்திரி, வேட்டூரி பிரபாகர சாஸ்திரி, ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா போன்ற அறிஞர்களே அவற்றைப் படித்தும் பதிப்பித்தும் இசையமைத்தும் வெளிக்கொணர்ந்தனர். இன்று அன்னமாச்சாரியாரைப் பாடும் நாம் இவர்கள் பெயரைச் சொல்கின்றோமா என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நம் முன்னோர் மறதிக்கு அஞ்சினர்; ஆதலால் கல்லில் வெட்டினர். திருமலைக் கோயிலில் சாமவை என்னும் பெயருடைய பல்லவ அரசி, காடவன் பெருந்தேவி, வெள்ளித் திருமேனி ஒன்றை எழுந்தருளுவித்தாள். அக்கொடையைக் கூறும் கல்வெட்டு தமிழில் உள்ளது. அதன் காலம் கி.பி. 966 என்று அறிஞர் பலர் கொள்வர். ஆயிரம் ஆண்டு கடந்தும் அத்திருமேனி இன்றும் வழிபாட்டில் உள்ளது. கொடுத்தவள் பெயரும் அழியவில்லை. 'மனத்தில் வைத்துக்கொள்வோம்' என்று விட்டிருந்தால் அப்பெயர் இரண்டு தலைமுறை தாண்டியிராது. நன்றியுணர்ச்சி இருந்தால் மட்டும் போதாது; அது தங்குவதற்கு ஓர் இடம் வேண்டும்.

சில ஐயங்கள்

இங்கே சில ஐயங்கள் எழலாம். இவ்வளவு பெரிய பிழையாயின், நன்றி கொன்றவனைச் சட்டத்தால் தண்டித்தால் என்ன? ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகட்கு முன் வாழ்ந்த உரோம நாட்டுச் சிந்தனையாளர் செனக்கா இவ்வினாவை ஆராய்ந்தார். நீதிமன்றம் சென்று வாங்கலாம் என்று வந்துவிட்டால் நன்மை கடனாகிவிடும். நன்றியும் வட்டியாகிவிடும் என்பது அவர் கருத்தின் சாரம். ஆயினும் சட்டம் முற்றும் கைகட்டி நிற்கவுமில்லை. நம் நாட்டில் 2007-ஆம் ஆண்டு இயற்றப்பெற்ற பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, தம்மைப் பேண வேண்டும் என்னும் நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்த முதியோரை, பெற்றவர் பேணாது விட்டால் அக்கொடையை இரத்துச் செய்ய வழி வகுக்கின்றது. பெற்ற மகனிடமிருந்து சோற்றைச் சட்டத்தின் துணையால் பெற வேண்டிய நிலை நாட்டுக்குப் பெருமையன்று. ஆயினும் பசித்த முதியவருக்கு அச்சட்டம் ஒரு துணை.

மற்றோர் ஐயம்: உதவியவர் தீய வழியில் சென்றால் அவர்க்குத் துணைபோவதும் நன்றியா? கன்னனையும் கும்பகன்னனையும் 'செஞ்சோற்றுக் கடன்' கழித்தவர் என்று போற்றுகின்றோம். அவர்கள் உயிர் கொடுத்ததைப் போற்றலாம். அறமல்லாப் பக்கத்தில் நின்றதைப் போற்ற வேண்டுவதில்லை. உதவியவர் தவறும்போது அவரைத் தடுத்து நிறுத்துவதும் நன்றியே. கும்பகன்னன் தமையனுக்கு முதலில் இடித்துரைத்தான் என்பதையும் நாம் நினைவில் வைக்க வேண்டும்.

கொடுத்தவர்க்கும் ஒரு சொல். 'நான்தான் உன்னை ஆளாக்கினேன்' என்று நாள்தோறும் சொல்பவர் தாம் செய்த நன்மையைத் தாமே கொல்கின்றார். அக்கொலைக்கு அடுத்தவரைப் பழிப்பதில் பயனில்லை.

நாம் செய்யத்தக்கது

இனி நம்மைப் பற்றிப் பேச வேண்டும். சித்தூர் மாவட்டம் 1911-இல் அமைந்தது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதனோடு சேர்ந்தது. 1960-இல் திருத்தணி தமிழகத்தோடு இணைந்தது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் இவ்வாறு மாறினும், தமிழும் தெலுங்கும் ஒரே சந்தையில், ஒரே கோயில் வாயிலில் கலந்தே ஒலித்தன. நம்மில் சிலர் தலைமுறை தலைமுறையாக இங்கே இருப்பவர். பலர் ரேணிகுண்டா இருப்புப்பாதைப் பணிக்கும், 1954-இல் தொடங்கிய வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்துக்கும், வங்கிக்கும், வாணிகத்துக்கும் வந்தவர்கள்.

வந்த நாளில் நமக்கு வீடு கொடுத்தவர் யார்? முதல் திங்கள் வாடகையைப் பொறுத்துக்கொண்டவர் யார்? நம் குழந்தைகட்கு 'அ, ஆ' என்று தெலுங்கு எழுத்தைக் கைபிடித்து எழுதிக் காட்டிய ஆசிரியை யார்? நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டபோது மருத்துவரை எழுப்பிய அண்டை வீட்டுக்காரர் யார்? இவர்கள் பெயர்களை நம் மலர்களில் எத்தனை பக்கங்களில் அச்சிட்டோம்? விளம்பரம் தந்தோர் பட்டியல் தவறாமல் வருகின்றது. வீடு தந்தோர் பட்டியல் வருவதில்லை.

மாலைவேளையில் நாம் கூடிப் பேசுவதைச் சற்றே கேட்டுப் பாருங்கள். இவ்வூர் வெயில், இவ்வூர்க் காரம், இவ்வூர்க் கூட்டம், இவ்வூர்த் தண்ணீர்! உண்ட வீட்டின் கைமரங்களை எண்ணுவது என்று பழமொழி சொன்னது இதுவன்றோ? குறை இருந்தால் சொல்ல வேண்டும். நகராட்சிக்கு எழுத வேண்டும். குறையை மட்டுமே எண்ணி, வயிறு நிறைந்ததை எண்ணாதது நன்றியாகாது.

தண்ணீர் என்றவுடன் ஒன்று நினைவுக்கு வருகின்றது. உடன்படிக்கையின்படி, மகாராட்டிரம், கருநாடகம், ஆந்திரம் ஆகிய மூன்று மாநிலங்களும் தம் கிருஷ்ணைப் பங்கிலிருந்து சென்னைக்குக் குடிநீர் தர இசைந்தன. கண்டலேறு நீர்த்தேக்கத்திலிருந்து தெலுங்கு கங்கைக் கால்வாய் வழியே ஊத்துக்கோட்டை எல்லையைத் தாண்டி 1996-இல் அந்நீர் தமிழகத்தை அடைந்தது. சென்னையிலுள்ள நம் உறவினர் பருகும் நீரில் தெலுங்கு நாட்டின் பங்கும் உண்டு. ஒப்பந்தப்படி முழு அளவு வாராத ஆண்டுகளில் செய்தித்தாள்கள் எழுதுகின்றன, அது முறையே. வந்த ஆண்டுகளில் நினைத்தோமா? குழாய் வறண்ட நாளை நாட்குறிப்பில் எழுதுகின்றோம். குழாய் ஓடிய நாட்களை யாரும் எழுதுவதில்லை. மனித மனத்தின் இயல்பு இது. இவ்வியல்பை அறிந்து எதிர்நீச்சல் போடுவதற்குத்தான் அறநூல்கள் தோன்றின.

ஆகவே மூன்று செயல்களை இவ்வவையின் முன் வைக்கின்றேன்.

முதலாவது, சங்கத்தில் 'நன்றிக் குறிப்பேடு' ஒன்று வைப்போம். ஒவ்வொரு குடும்பமும், இவ்வூர்க்கு வந்த நாளில் தமக்குக் கைகொடுத்த தெலுங்கு மக்கள், தமிழ் மக்கள் யாவராயினும் அவர் செய்த உதவியை அதில் எழுதட்டும். அவர் இசைந்தால் அடுத்த மலரில் அச்சிடுவோம். நம் குழந்தைகள் படிக்கட்டும். திருமலையில் கல்வெட்டு செய்த பணியை நம் காலனியில் இக்குறிப்பேடு செய்யும்.

இரண்டாவது, நம்மிடையே வாழும் முதியோரை ஆண்டு விழாவுக்குக் காத்திராமல் திங்களுக்கு ஒருமுறை சென்று காண்போம். இச்சங்கத்துக்கு முதன்முதலில் நாற்காலி சுமந்தவர்கள், வீடு வீடாகச் சென்று சந்தா திரட்டியவர்கள், இன்று கால் தளர்ந்து வீட்டுத் திண்ணையில் இருக்கின்றனர். அவர்களுக்கு வேண்டுவது பொன்னாடையினும் பெரிது: பேச ஒரு துணை, மருந்து வாங்கிவர ஓர் ஆள், பிள்ளைகள் தொலைவில் இருக்கும்போது வங்கிக்கு உடன் செல்ல ஓர் இளைஞன்.

மூன்றாவது, பொருள் முடையுள்ள பெரியவர் எவரேனும் இருப்பின், அவர் கையில் பணத்தைத் திணித்து முகத்தைப் பார்த்து நிற்காமல், தேவஸ்தானம் கண்ட வழியை மேற்கொள்வோம். பாடத் தெரிந்தவரிடம் நம் பெண்களைப் பாடம் கற்க அனுப்புவோம். தமிழாசிரியராக இருந்தவரை ஞாயிறு வகுப்புக்கு அழைப்போம். கணக்கறிந்தவரிடம் சங்கக் கணக்கைத் தணிக்கைக்குக் கொடுப்போம். வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துத் தட்சிணையாக அளிப்போம். அவர் நமக்குக் கொடுத்தவராகவே நிமிர்ந்து வாழட்டும்.

இளைஞர்களுக்கு ஒன்று. நாகையா யார் என்று நேற்று வரை நீங்கள் அறிந்திராதிருக்கலாம். அதில் பிழையொன்றும் இல்லை. அறிந்தபின் உங்கள் ஊரில், உங்கள் தெருவில் அவ்வாறு ஒருவர் இருக்கின்றாரா என்று தேடுங்கள். ஊருக்கெல்லாம் செய்து, தமக்கென வைக்காமல், வாய் திறவாமல் இருப்பவர் எந்தத் தெருவிலும் ஒருவர் இருப்பார். அவர் வீட்டுக் கதவை இவ்வாரத்திலேயே தட்டுங்கள்.

தலைவர் அவர்களே, பேச்சின் முடிவில் 'நன்றி' என்று சொல்வது மரபு. இவ்வளவு நேரம் பொறுமையுடன் கேட்ட உங்களுக்கு அச்சொல்லைச் சொல்லியே அமர்கின்றேன். பழைய பொருளில் சொல்லப்போனால், உங்கள் பொறுமையே எனக்கு நீங்கள் செய்த நன்றி. அதனை யான் மறவேன்.